அப்பா சாயா குடிக்கிறார்

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் அறையில் இருந்தவர்கள் இவர்கள். அம்மா, அடுப்புக்கு முன்னால். தம்பி, அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டு. அடுத்த அறைச் சேச்சி, வாசலில் குடையை உதறிக்கொண்டு. மூப்பன், அதாவது அப்பாவோடு மூட்டை தூக்குகிறவர்களின் தலைவர், தோளில் நனைந்த தோர்த்துத் துண்டோடு. நான், அரிசிப் பானைக்குப் பின்னால். அப்பா இல்லை.

மூப்பன் உட்காரவில்லை. அம்மா பலகையைத் தள்ளிப் போட்டும் நின்றுகொண்டே இருந்தார். அவர் சொல்ல வந்ததைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முந்தின பதினைந்து நாள் தெரியாவிட்டால் அது வெறும் ஆஸ்பத்திரிச் செய்தியாகப் போய்விடும்.

நம் ஜெபக்கூட்டத்துப் பெண்களுக்குத்தான் எழுதுகிறேன். போன தவக்காலத்துத் தியானத்தில் நம் கோயிலுக்கு வந்திருக்கிற புது அச்சன், புதுச் சாமியார், எல்லாரையும் கண் மூடச் சொன்னார். கடலோரத்தில் நில்லுங்கள், ஆண்டவர் மீன் சுடுகிறார், பக்கத்தில் போய் உட்காருங்கள் என்றார். எல்லாரும் மூடினீர்கள். நான் மூடவில்லை. என் பக்கத்தில் இருந்தவள் அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டாள். நான் செருப்பைத் தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டேன். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். பேசிச் சொல்ல வராது. எழுதினால் ஒருவேளை வரும்.

அப்போது எனக்கு எட்டு வயது. தம்பிக்கு ஐந்து. மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குக்குப் பின்னால் வரிசையாக ஏழு அறைகள். மூன்றாவது எங்களுடையது. அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கிடங்கில் சுமை தூக்கினார். அம்மா சுக்குக் களத்தில் பொறுக்கும் வேலை. அம்மா கையால் சோறு உருட்டிக் கொடுத்தால் சோறும் சுக்குக் காரமாக இருக்கும். அது கர்க்கடக மாதம், ஊரில் ஆடி. சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். தீப்பெட்டியை அடுப்பு மேட்டில் வைத்தாலும் நமத்துப்போகும்.

ஆகஸ்டில் மாதா திருநாள் அன்று எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குவது. அதற்காக ஞாயிற்றுக்கிழமை வேதபாட வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் ஒரு தையல்காரி. டீச்சர் என்போம். கல்யாணம் ஆகாதவர். சுவிசேஷக் கதையை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி.

"நீ எங்க நிக்கற?"

கதைக்குள்ளே எங்கே நிற்கிறாய் என்று அர்த்தம். முதலில் மணம் சொல்ல வேண்டும். பிறகு காலுக்குக் கீழே என்ன என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் ஆண்டவரைப் பார்க்கலாம். மணம் தெரியாமல் ஆண்டவரைப் பார்த்தேன் என்று சொன்னவர்களை உட்கார வைத்துவிடுவார்.

முடக்குவாதக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து இறக்கிய கதை வந்தது. நான் கூரை மேல் நின்றேன். ஓட்டுக்கு அடியில் எலிப் புழுக்கை மணம் என்றேன். தூக்கி வந்த நாலு பேர் தலையிலும் சும்மாடு இருக்கிறது என்றேன். டீச்சர் தலையை ஆட்டினார். எனக்குப் பின்னால் இருந்த மீன்காரர் மகன் கையைத் தூக்கினான்.

"டீச்சரே, ஓடு ஆரு மாத்திக் குடுக்கும்?"

எல்லாரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். அது பைபிளில் இல்லை, நீயே வீட்டுக்காரனிடம் போய்க் கேட்டுவிட்டு அடுத்த வாரம் வந்து சொல்லு என்றார். அவன் நிஜமாகவே அடுத்த வாரம் வந்து சொன்னான். வீட்டுக்காரன் திட்டினானாம், பிறகு நடந்து போனவனைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லையாம்.

இதை வீட்டிலும் செய்ய வேண்டும் என்பார். தண்ணீர்க் குழாயில் வரிசை நிற்கிறாயா, கிணற்றடியில் ஆண்டவர் தண்ணீர் கேட்ட சமாரியப் பெண்ணையும் அங்கே நிறுத்து. நான் நிறுத்தினேன். சேச்சிக்கும் ஒரு கிழவிக்கும் நடுவில். வரிசையில் சண்டை வரும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவள் குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அடங்கும்.

ஒரு திங்கட்கிழமை கிடங்கில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்தன. அப்பாவின் வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தேன். ஒரு பலகையில் போட்டு நாலு பேர் படகுத்துறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முன்னால் மூப்பன். அப்பாவின் கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அம்மா செருப்பில்லாமல் பின்னால் போனாள்.

அக்கரையில் எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரி. வார்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். களத்தில் புதனும் ஞாயிறும் மட்டும் அம்மாவை விட்டார்கள். மற்ற நாள் போனால் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

தம்பி சாப்பிட மாட்டேன் என்றான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருந்தான். அம்மா திட்டினாள், கெஞ்சினாள், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கண்ணை மூடினேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

மணம் முதலில் வந்தது. டெட்டால், ஈரப் பாய், வடித்த கஞ்சி. காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை. அந்த வார்டை நான் பார்த்ததில்லை. அதனால் கோயில் ஜன்னல்கள் வந்தன. கட்டில்கள் கிடங்குப் பலகை மாதிரி இருந்தன. அப்பா சிவப்புப் போர்வை போர்த்தியிருந்தார். ஆண்டவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தோளில் தோர்த்து போட்டிருந்தார். நான் பார்த்ததைப் பார்த்தபடி தம்பிக்குச் சொன்னேன். அப்பா எழுந்து உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார், மீசையில் ஒட்டியதை ஆண்டவர் துடைத்துவிட்டார் என்று சொன்னேன். தம்பி விழுங்கினான்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் சொன்னேன். சொல்லாவிட்டால் அவன் சாப்பிடமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். முந்தானையைப் பிழிந்துகொண்டிருக்கும்போது தம்பி கேட்டான், அப்பாவுடைய சிவப்புப் போர்வையில் அவனுக்கும் இடம் இருக்கிறதா என்று. அம்மா பிழிவதை நிறுத்தினாள்.

"செவப்புன்னு ஒனக்கு எவ சொன்னா?"

அவன் என்னைக் காட்டினான்.

ஆஸ்பத்திரிப் போர்வை எல்லாமே சிவப்புதான் என்று பெரியவளான பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரியாது. அம்மாவுக்கும் அது தோன்றவில்லை. அம்மா சேச்சியிடம் சொன்னாள். சேச்சி வந்து என் தலையில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சலுக்குப் பார்ப்பதுபோல. கொச்சுக்கு, பிள்ளைக்கு, தரிசனம் உண்டு, இதை யாரிடமும் சொல்லிவிடாதே என்றாள். சாயங்காலத்துக்குள் ஏழு அறைக்கும் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை களத்துக்குப் புறப்படுமுன் அம்மா என் முன்னால் குந்தினாள். அதுவரை அம்மா என்னிடம் எதையும் கேட்டதில்லை. எடு, வை, துடை, இவ்வளவுதான்.

"ஒங்கப்பா எப்பிடி இருக்காவ, மக்கா?"

தம்பிக்குச் சொல்வது வேறு. கண்ணை மூடினேன். வார்டு வந்தது. சொன்னேன். அம்மா மூச்சு விட்டுவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து காலையில் அம்மாவுக்கு, சாயங்காலம் தம்பிக்கு.

பயம் அப்போதுதான் ஆரம்பித்தது. நான் கெட்டதாக ஏதாவது பார்த்துவிட்டால்? பார்த்ததைச் சொன்னால் அது நடந்துவிடுமோ? அதனால் ஆண்டவரை முக்காலியை விட்டு எழ விடவில்லை. எழுந்தால் எங்கே போவாரோ என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் உள்ளே ஒரு கண்ணால் அந்த முக்காலியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். படகு மணி அடித்தால் உடம்பு தூக்கிப்போடும்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு அப்போது கோயிலில் இருந்த பழைய அச்சனே வந்தார். கும்பசாரம் எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்க. ஊரில் பாவசங்கீர்த்தனம் என்போமே, அது. நீங்கள் கொலை செய்யமாட்டீர்கள், பொய்தான் சொல்வீர்கள் என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நடக்காததை நடந்ததுபோலச் சொல்வதெல்லாம் பொய் என்றார். எத்தனை தடவை என்று எண்ணிக்கை சொல்ல வேண்டும், எண்ணிக்கையை வேண்டுமென்று குறைத்தால் கும்பசாரமே செல்லாது என்றார். டீச்சர் மூலையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். நூலை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து வேதபாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டேன். விரல் விட்டு எண்ணினேன். முதல் செவ்வாயிலிருந்து அன்று காலை வரை பத்தொன்பது வந்தது. சாயங்காலம் தம்பி தட்டோடு வந்து உட்கார்ந்தான். சொன்னேன். இருபது.

நிறுத்தினால் தம்பி பட்டினி. அம்மா களத்தில் உட்கார்ந்து அழுவாள். நிறுத்தாவிட்டால் நன்மை வாங்க முடியாத வாயாகிவிடும் என் வாய். யாரிடம் கேட்பது? டீச்சரிடம் கேட்டால் அச்சனுக்கு எதிராகச் சொல்ல வேண்டிவரும். எட்டு வயதிலேயே அது தெரிந்தது.

அந்த ஞாயிறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா முந்தானையைக்கூடப் பிழியவில்லை. பாத்திரத்தை இரண்டு முறை கழுவினாள். நான் கவனித்தேன். கேட்கவில்லை.

புதன்கிழமை காலை மழை பலமாக இருந்தது. அம்மா அப்பாவுக்குக் கஞ்சி வைத்து அலுமினியத் தூக்கில் ஊற்றி மூடியிருந்தாள். அது அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த தூக்கு, பக்கத்தில் ஒரு நசுங்கல் இருக்கும். எட்டு மணிப் படகு. அப்போது களத்து மேஸ்திரி ஆள் அனுப்பினார். சுக்கில் பூசணம் பிடிக்கிறது, எல்லாரும் வந்து புரட்டிப் போடவேண்டும் என்று. அம்மா குடையை ஒரு கையிலும் தூக்கை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். படகுத்துறை இடது பக்கம். களம் வலது பக்கம். திரும்பி என்னிடம் வந்தாள்.

"நல்லா இருக்காவளா?"

கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. மணம் வரவில்லை. தரை வரவில்லை. இறுக்கி மூடினேன். கறுப்பு. கிடங்குக் கதவைச் சாத்தினால் உள்ளே இருக்குமே, அந்தக் கறுப்பு. முக்காலியும் இல்லை. அம்மாவின் குடையிலிருந்து தண்ணீர் என் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்காவ. சாயா குடிக்கிறாவ."

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு தூக்கை என் கையில் கொடுத்தாள்.

"இத நீங்க ரெண்டு பேரும் குடிங்க."

வலது பக்கம் போனாள்.

நாங்கள் அப்பாவின் கஞ்சியைக் குடித்தோம். சூடாக இருந்தது. தம்பி இரண்டாவது தடவை கேட்டான். கோடு போட்டேன். இருபத்தைந்து. அன்று சாயங்காலம் வயிற்று வலி என்று சுருண்டு படுத்துக்கொண்டேன். அது உண்மைதான், வலித்தது. வியாழன் காலை அம்மா எதுவும் கேட்கவில்லை.

இனி மூப்பன் சொன்னது. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அழுகல் ஏறிவிட்டதாம். அதற்கு வீட்டிலிருந்து ஒரு ஆள் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டும். ஆள் இல்லை. படகில் அப்பாவைப் பார்க்கப் போயிருந்த மூப்பனே பெருவிரலை வைத்தார்.

"அவன் கேட்டுட்டே கெடந்தான். வீட்லேர்ந்து ஆரு வந்துருக்குன்னு. வரும், வரும்னேன். உள்ள கொண்டு போற வரைக்கும் கேட்டான்."

மழைச் சத்தம். சேச்சி வாயில் துணியை வைத்துக்கொண்டாள். அம்மா திரும்பி, பானைக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அடிக்கவில்லை. பார்த்துவிட்டு அடுப்பு ஊதக் குனிந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டதே இல்லை. தம்பி கேட்டான். தெரியாது என்றேன். அவன் இரண்டு நாள் அழுதான். பிறகு சாப்பிட்டான். பசித்தால் சாப்பிடத்தான் வேண்டும் என்று யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் டீச்சர்தான் தைத்தார். அளவு பார்க்கக் கூப்பிட்டார். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே, கானாவூர்க் கல்யாணத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்டார்.

"எங்கயும் இல்ல டீச்சர்."

குண்டூசிகளை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கவுன் இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். இடுப்பில் ஒரு விரல் அளவு தளர்த்திக் கொடுத்தார். நல்ல மனுஷி. அன்றைக்கு அவர் பார்த்தது இடுப்பைத்தான்.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் கும்பசாரம். கும்பசாரக் கூட்டுக்குள் மூக்குப்பொடி மணம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அச்சனின் காது மட்டும் தெரிந்தது. பொய் சொன்னேன், இருபத்தைந்து தடவை என்றேன். இவ்வளவு சின்னப் பெண்ணுக்கு இவ்வளவா என்று நினைத்திருக்கலாம். யாரிடம் என்று கேட்டார். அம்மாவிடமும் தம்பியிடமும் என்றேன். எதைப் பற்றி? பார்க்காததைப் பார்த்ததாக. இனிமேல் மனதில் தோன்றுவதைச் சொல்லாதே, புத்தகத்தில் உள்ள ஜெபத்தை மட்டும் சொல்லு என்றார். ஐந்து அருள் நிறைந்த மரியே ஜெபம் அபராதமாகக் கொடுத்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அவர் சொன்னபடியே இருந்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேல். புத்தகத்தில் இருப்பதை வரி விடாமல் சொல்வேன். கண் திறந்தே இருக்கும். என் மகள் சின்னவளாக இருக்கும்போது, மேகத்தைக் காட்டி அந்த யானை எங்கே போகிறது என்று கேட்பாள். தெரியாது என்பேன். இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு அவளும் நிறுத்திவிட்டாள். அவள் இப்போது காக்கநாட்டில் பெரிய கட்டிடத்தில் வேலை செய்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி. அவளுடைய பிள்ளை எதைக் கேட்டாலும் போனைத் தேடுகிறாள். அவளைச் சொல்லி என்ன.

அப்பா கட்டைக் காலோடு இருபது வருஷம் இருந்தார். கிடங்கு வாசலில் உட்கார்ந்து சாக்கு எண்ணும் வேலை கொடுத்தார்கள். அந்தப் புதன்கிழமையைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா கடைசியில் என் வீட்டில்தான் படுத்திருந்தாள். ஒரு மத்தியானம் தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அவளாகவே ஆரம்பித்தாள்.

"டாக்டர் ஞாயித்துக்கெழமையே சொல்லிட்டாரு. புதங்கெழம எடுக்கணும், வந்து ஒப்புப் போடுன்னு."

சீப்பு என் கையில் நின்றுவிட்டது.

"எனக்குப் போவ தைரியம் இல்லட்டீ. என் கையால எழுதிக் குடுத்துட்டு அவிய மூஞ்சிய எப்பிடிப் பாப்பேன்? நீ நல்லா இருக்காவன்னு சொன்ன. அதப் புடிச்சிக்கிட்டு களத்துக்குப் போயிட்டேன்."

நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு அத்தனை வருஷம் ஆனது.

"தெரியும்."

"எப்பிடி?"

"மத்த நாளு சொல்லுதப்ப ஒம் மூக்கு மணம் புடிக்கும். ஆட்டுக்குட்டி மாதிரி. அன்னைக்கிப் புடிக்கல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "மத்த நாளு நீ பாத்துட்டுத்தான் சொன்ன. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

நான் மறுபடி சீப்பை எடுத்தேன். முடி கொஞ்சம்தான் இருந்தது. முடித்துவிட்டுக் கஞ்சி வைக்கப் போனேன். அன்று அதற்கு மேல் யோசிக்கவில்லை. அம்மா போய் ஆறு வருஷம் கழித்து, தியானத்தில் நீங்கள் எல்லாரும் கண் மூடி உட்கார்ந்திருந்தபோதுதான் யோசித்தேன்.

அச்சன் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது என்றார். கூட்டலாமா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். புது அச்சன் கூட்டுக்குள் இருந்தார். மூக்குப்பொடி மணம் இல்லை, மின்விசிறி இருக்கிறது. முழங்கால் போட முடியாது, நின்றுகொண்டேன். இந்தக் காலத்து அச்சன்மார் எண்ணிக்கை கேட்பதில்லை. ரொம்பப் பழைய பாவம், அம்மாவிடம் சொன்ன பொய், முன்பு தப்பாக எண்ணிவிட்டேன் என்றேன். சரி அம்மச்சி, சொல்லுங்கள் என்றார்.

ஒரு தடவை.